நடுவோர்: யாருக்கும் உறவில்லாத மத்தியஸ்தர்கள் ஒரு கூட்டுறவு நாட்டில் நிலைப்பார்களா?

முகத்துவாரம் எழுதியது:

நாவலுக்காக ஒரு கற்பனை நாட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். களப்பும் கடலும் சேரும் இடத்தில் ஒரு துறைமுக நகரம். சுமார் நாற்பதாயிரம் பேர். தனி முதலாளி கிடையாது. படகுப் பட்டறை, பேக்கரி, மருந்தகம், வீட்டுத் தொகுதிகள் எல்லாமே கூட்டுறவுச் சங்கங்கள். ஆளுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு வாக்கு. கொலை, கொள்ளைக்கு நீதிமன்றம் உண்டு. மற்றப் பிணக்குகள் எல்லாம் 'நடுவோர்' என்ற குழுமத்திடம் போகும்.

நடுவோருக்கு என் விதிகள் இவை. நாற்பது வயதுக்கு மேல்தான் சேரலாம். சேரும் நாளில் தன் பங்குகளை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாக்குரிமை போய்விடும். பிறந்த வட்டாரத்தில் குடியிருக்கக் கூடாது. கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கை நனைக்கக் கூடாது. உணவும் உடையும் இருப்பிடமும் பொது நிதியிலிருந்து வரும். மூன்று பேராக அமர்ந்து கேட்பார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை; இணங்க வைக்க மட்டுமே முடியும். கேட்டதைச் சாகும்வரை வெளியே சொல்லக் கூடாது.

இது முதலில் எங்கே விரிசல் விடும்? பாராட்டு வேண்டாம், குறை சொல்லுங்கள்.

தவணைக்காரன் எழுதியது:

கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் கறுப்புக் கோட்டுடன் திரிகிறவனிடம் குறை கேட்கிறீர்கள். வாருங்கள்.

நீங்கள் கற்பனை செய்ததில் பாதி நம் இலங்கையிலேயே இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த மத்தியஸ்த சபைகள். தொண்டர்கள்தாம் நடத்துகிறார்கள், விடுமுறை நாட்களில் பெரும்பாலும் பள்ளிக்கூட வகுப்பறைகளில், பிள்ளைகளின் கதிரைகளில் உட்கார்ந்து. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கும் இல்லை. இணக்கம் வராவிட்டால் இணங்கவில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். குறிப்பிட்ட வகைப் பிணக்குகளுக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றப் படி ஏற முடியாது. சட்டத்தரணிகளாகிய எங்களுக்கு அங்கே வாய் திறக்க இடமில்லை. (அதனாலேயே பலருக்கு அந்தச் சட்டம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.)

இப்போது குறை. உங்கள் நடுவோர் மூவரை யார் தெரிவு செய்கிறார்கள்? அதை நீங்கள் எழுதவே இல்லை. எங்கள் சபையில் வாதி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார், எதிர்த்தரப்பு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தேர்ந்து தலைமையில் இருத்துவார்கள். மூவரில் ஒருவரை 'என் ஆள்' என்று நினைத்துக்கொண்டுதான் மனிதன் உள்ளே வருகிறான். அந்த நினைப்பு இருந்தால் ஒரு மணி நேரம் கோபப்படாமல் உட்கார்ந்திருப்பான். நீங்களோ மூன்று சந்நியாசிகளை அவன் முன்னால் நிறுத்துகிறீர்கள். கோயிலில் சாமி கும்பிடுவது போல வணங்கிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பழையபடி சண்டை போடுவான்.

இன்னொன்று. மத்தியஸ்த சபைக்கு முன்னோடியாக 1958இல் இணக்க சபைகள் தொடங்கப்பட்டன. இருபது ஆண்டுகளில் மூடிவிட்டார்கள். நியமனங்களில் அரசியல் புகுந்துவிட்டது என்பதே பெரிய குற்றச்சாட்டு. அமர்கிறவர் எப்படிப்பட்டவர் என்பதை விட அவரை அங்கே அமர்த்திய கை யாருடையது என்பதைத்தான் சனங்கள் பார்க்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

தவணைக்காரன் அண்ணன் சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். அமர்த்தும் கையை இல்லாமல் செய்ய முயன்ற ஊர்கள் உண்டு.

உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதற் பராந்தகன் காலம், 919உம் 921உம். குடவோலை எல்லோருக்கும் தெரியும். ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறு பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் வரும் தகுதி நீக்கப் பட்டியல்தான். வாரியத்தில், அதாவது ஊர்ச் சபையின் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவனுடைய நெருங்கிய உறவுகளும் வர முடியாது. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவனுக்கும் இடமில்லை. அது நிலமுள்ள பிராமணர்களின் சபை என்பதை மறந்து 'பண்டைத் தமிழர் சனநாயகம்' என்று மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் விதியை எழுதியவர்கள் மனிதர்களை நன்றாக அறிந்தவர்கள்.

ஏதென்ஸில் வேறு வழி. அறுபதாம் வயதில் இருக்கும் ஒவ்வொரு குடிமகனும் அந்த ஓராண்டு பொது மத்தியஸ்தராக இருக்க வேண்டும். மறுத்தால் குடியுரிமை பறிபோகும். யாருக்கு எந்த வழக்கு என்பது சீட்டுக் குலுக்கலில் தீரும். முதலில் இணங்க வைக்க முயல்வார்; முடியாவிட்டால் தன் முடிவைச் சொல்வார். முடிவை ஏற்காதவன் மேலே போகலாம். ஆனால் மத்தியஸ்தர் முன் வைத்த சாட்சியங்கள், ஆவணங்கள் அனைத்தையும் இரண்டு சாடிகளில் போட்டு, ஒரு தரப்புக்கு ஒன்றாக முத்திரை வைத்துவிடுவார்கள். மேல் விசாரணையில் சாடிக்குள் இல்லாத எதையும் புதிதாகக் காட்ட முடியாது. மத்தியஸ்தம்தானே என்று துருப்புச் சீட்டை ஒளித்து வைத்துக்கொண்டு வர இயலாது. முகத்துவாரம், இந்தச் சாடியை நாவலில் எடுத்துக்கொள்ளுங்கள், பதிப்புரிமை காலாவதியாகிவிட்டது.

உங்கள் விதிகளுக்கு மிகக் கிட்டிய உறவு இத்தாலிய நகரங்களில் இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் உள்ளூர்க் குடும்பப் பகை தாங்காமல், வேற்றூரிலிருந்து ஒருவரைச் சம்பளத்துக்கு அழைத்து நகரத்தை ஒப்படைத்தார்கள். பொதெஸ்தா என்று பெயர். ஆறு மாதம் அல்லது ஓராண்டு. சில நகரங்களில் குடிமக்கள் வீட்டில் அவர் விருந்துண்ணவும் தடை இருந்தது, உங்கள் கை நனைக்காத விதி போலவே. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். பதவி முடிந்ததும் அவர் உடனே ஊரை விட்டுப் போக முடியாது. தங்கியிருந்து, தன் மேல் யார் என்ன முறைப்பாடு சொன்னாலும் பதில் சொல்லி, கணக்கை முடித்துவிட்டுத்தான் போகலாம். உங்கள் நடுவோரோ சாகும்வரை பதவியில் இருக்கிறார்கள். கணக்கை எப்போது முடிப்பார்கள்?

சீட்டுக்காரி எழுதியது:

படித்தவர்கள் எல்லோரும் கிரேக்கம், இத்தாலி என்று போய்விட்டீர்கள். நான் பம்பலப்பிட்டியில் சீட்டுப் பிடிக்கிறவள்.

தம்பி முகத்துவாரம், பங்கெல்லாம் கொடுத்துவிட்டு வந்த உங்கள் நடுவருக்குச் சீட்டுக் காசு கைக்கு வருகிற மாதம் எப்படி இருக்கும் என்று தெரியுமா? எங்கள் சீட்டில் ஒருத்தி முதல் மாதமே தொகையை எடுத்துக்கொண்டாள். மகனை வெளிநாடு அனுப்ப. மூன்றாம் மாதத்திலிருந்து காசு கட்டவில்லை. கடைசி மாதத்துக்குக் காத்திருந்தவள் ஒருத்தி, மகளின் சாமத்தியச் செலவை அந்தக் காசில் வைத்திருந்தவள், தெருவில் நின்று கத்தினாள். ஒப்பந்தம் இல்லை, பற்றுச்சீட்டு இல்லை, என் கொப்பி மட்டும்தான்.

இதை எப்படித் தீர்த்தோம் தெரியுமா? இரண்டு பேருக்கும் வேண்டிய ஓர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் முதல் எடுத்தவளுக்கு மாமி முறை. நடுநிலை என்று பார்த்தால் சுத்தமாகத் தகுதியில்லாதவர். அவர் உள்ளே போய், சமையலறையில் உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினார். வெளியே வந்தபோது ஒரு சோடிக் காப்பு அடகுக்குப் போக முடிவாகியிருந்தது. மாமிக்கு முன்னால் மானம் போய்விடும் என்ற பயம்தான் அங்கே வேலை செய்தது. யாருக்கும் உறவில்லாத ஒருவர் வந்திருந்தால் அவள் 'வசதி வந்ததும் தருகிறேன்' என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருப்பாள்.

உறவைக் கழுவிவிட்டால் நடுவரின் கையில் மிஞ்சுவது என்ன? அதைச் சொல்லுங்கள்.

முகத்துவாரம் எழுதியது:

அக்கா, வெங்காயத்தை நான் திருடப்போகிறேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

ஆனால் உங்கள் மாமி வழியை முழுதாக ஏற்க மாட்டேன். ஊர்ப் பெரியவர் வைத்துத் தீர்க்கிற பழக்கத்தை என் தந்தையின் ஊரில் பார்த்திருக்கிறேன். பெரியவர் எப்போதும் காணி உள்ளவர், எப்போதும் ஒரே சாதிக்காரர், எப்போதும் ஆண். அவர் 'விட்டுக்கொடுத்துப் போ' என்று சொல்வது எப்போதும் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். மானத்துக்குப் பயப்படுகிறவளிடம்தான் மாமியின் மந்திரம் பலிக்கும். மானத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத அளவுக்குப் பெரிய ஆளிடம் பலிக்குமா? அதற்காகத்தான் உறவைக் கழுவினேன்.

நீர்க்கசிவு எழுதியது:

என் புனைபெயரே என் வழக்கு. வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியில் ஐந்தாம் மாடி. ஆறாம் மாடிக் குளியலறையிலிருந்து என் படுக்கையறைக் கூரைக்குத் தண்ணீர் இறங்குகிறது. முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் முறையிட்டேன். குழுவின் செயலாளர் ஆறாம் மாடிக்காரர். என் முறைப்பாடு கிடைத்தது என்று எனக்குப் பதில் எழுதியவரும் அவர்தான். மிக மரியாதையான கடிதம்.

இந்த இழையில் எல்லோரும் இரண்டு தனி ஆட்களின் சண்டையைப் பற்றியே பேசுகிறீர்கள். கூட்டுறவில் கடினமானது அது இல்லை. உறுப்பினர் ஒரு பக்கம், அவரே பங்காளியாக இருக்கும் சங்கம் மறுபக்கம்: அதுதான் கடினம். 'நீயும் முதலாளிதானே, உன்னோடு நீயே என்ன வழக்குப் பேசுகிறாய்?' என்று கேட்டுவிடுவார்கள்.

மொந்திரகோனை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1956இல் ஒரு பாதிரியாரின் மாணவர்கள் தொடங்கிய தொழிலாளர் கூட்டுறவு. உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். 1974இல் உல்கோர் என்ற அதன் மூத்த தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். எந்த வேலைக்கு எந்தத் தரம், எவ்வளவு ஊதியம் என்ற மதிப்பீட்டு முறைதான் காரணம். முன்னின்ற 17 பேரைச் சங்கத்திலிருந்தே நீக்கினார்கள். பொதுச்சபை, அதாவது அவர்களுடைய சக உறுப்பினர்களே, அந்த நீக்கத்தை உறுதி செய்தார்கள். 1978இல்தான் திரும்பி வர வழி திறந்தது. உறுப்பினர்களின் குரலாக இருக்க வேண்டிய சமூக மன்றம் ஒன்று அங்கே இல்லாமல் இல்லை. ஆளுக்கு ஒரு வாக்கு இருந்தும் அந்த 17 பேருக்கு நடுவில் நிற்க யாரும் இருக்கவில்லை. உங்கள் நடுவோர் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? பெரும்பான்மையை எதிர்த்து இணக்கம் பேச அவர்களால் முடியுமா, அவர்கள் உண்ணும் சோறும் அதே பெரும்பான்மை போடுவதாக இருக்கும்போது?

கணக்கப்பிள்ளை எழுதியது:

சோற்றைப் பற்றி நான் எழுத நினைத்ததை நீர்க்கசிவு எழுதிவிட்டார். கணக்காய்வாளன் என்ற முறையில் அதைக் கொஞ்சம் நீட்டுகிறேன்.

பொது நிதியை யார் ஆண்டுதோறும் ஒதுக்குகிறார்கள்? நகரச் சபை என்றால், சபையோடு சண்டை வரும் எந்தப் பிணக்கிலும் நடுவோர் தம் அடுத்த ஆண்டு அரிசியை நினைப்பார்கள். கெட்டவர்களாக இருக்கத் தேவையில்லை, பசிக்கிறவர்களாக இருந்தால் போதும். அடித்தள விதியிலேயே ஒவ்வொரு சங்கத்தின் உபரியிலும் இவ்வளவு பங்கு என்று எழுதிவிடுங்கள், பேரத்துக்கு இடமில்லாமல்.

நம் கூட்டுறவுச் சட்டம் (1972, 5ஆம் இலக்கம்) இந்தப் பிரச்சினையை அதிகாரியிடம் தள்ளிவிட்டது. உறுப்பினருக்கும் சங்கத்துக்கும், அல்லது அதன் குழுவுக்கும் இடையில் சங்க அலுவல் பற்றிப் பிணக்கு வந்தால் அது பதிவாளரிடம் போகும். அவரே தீர்க்கலாம், நடுத்தீர்ப்பாளரிடம் அனுப்பலாம். சங்கங்களைப் பதிவதும் கண்காணிப்பதும் தேவையானால் கலைப்பதும் அவர்தான். வழக்கும் அவரிடம்தான். உங்கள் கற்பனை நாட்டில் இந்த அளவுக்கு ஒரே மேசையில் குவிக்க வேண்டாம்.

சோற்றை விடப் பெரியது ஒன்று இருக்கிறது. பங்கு இல்லை, வாக்கு இல்லை, ஊர் இல்லை, பந்தி இல்லை. சரி. அந்த மனிதர் மாலையில் யாரோடு பேசுவார்? இன்னொரு நடுவரோடு. யாருக்கும் உறவில்லாதவர்கள் ஒருவருக்கொருவர் உறவாகிவிடுவார்கள், ஐயமே வேண்டாம். இருபது ஆண்டுகளில் அந்த நகரத்திலேயே மிகக் கட்டுக்கோப்பான சங்கம் அவர்களுடையதாக இருக்கும். போதாக்குறைக்கு எல்லோருடைய இரகசியமும் அவர்கள் கையில். ஒரு நடுவர் தவறு செய்தால் விசாரிக்கப் போகும் மூவரும் நடுவர்களே. ஏதென்ஸ்காரர்களிடம் இதற்கு என்ன வழி இருந்தது? ஏட்டுச்சுவடி சொல்ல வேண்டும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அநீதி செய்த மத்தியஸ்தர் மேல் முறைப்பாடு செய்யலாம். அது மத்தியஸ்தர்களின் கூட்டத்துக்கே போகும். குற்றம் உறுதியானால் அவருக்குக் குடியுரிமை இழப்பு. அதற்கு மேல்முறையீடும் உண்டு. சக மத்தியஸ்தர்களே கேட்டார்கள் என்றாலும், ஓராண்டில் எல்லோரும் வீட்டுக்குப் போகிறவர்கள். காப்பாற்ற வேண்டிய குழுமம் என்று ஒன்று அங்கே உருவாகவே நேரமில்லை.

சீனிவரிசை எழுதியது:

எழுபதுகளில் கூட்டுறவுக் கடையில் கூப்பன் புத்தகத்தோடு வரிசையில் நின்றவன் நான். மனேஜர் அளக்கும்போது தராசில் விரல் எங்கே இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் எந்தக் கட்சி என்றும் தெரியும். யாரும் மத்தியஸ்தம் கேட்கவில்லை. அடுத்த தேர்தலுக்குக் காத்திருந்தோம். தேர்தல் வந்தது, மனேஜர் மாறினார், விரல் மாறவில்லை. மன்னிக்கவும், கூட்டுறவு என்ற சொல்லைக் கண்டால் எனக்குக் கைவிரல்தான் நினைவுக்கு வருகிறது. தொடருங்கள்.

தவணைக்காரன் எழுதியது:

சீனிவரிசை ஐயாவின் 'காத்திருந்தோம்' என்பதில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது.

தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லாத நடுவர் முன், காத்திருக்க வசதியுள்ளவன் வெல்வான். நீர்க்கசிவின் கூரையில் பூஞ்சணம் படர்கிறது. மேலே இருப்பவரின் குளியலறை நன்றாகவே இருக்கிறது. மூன்று நடுவர்கள் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், ஒவ்வொரு தவணையும் ஐந்தாம் மாடிக்கு நட்டம், ஆறாம் மாடிக்கு இலாபம். இரண்டு பக்கமும் சமமாக நடத்தப்பட்டதாக அறிக்கை மட்டும் சுத்தமாக இருக்கும். ஆனைக்கும் பானைக்கும் சரி என்று எழுதிக் கையொப்பம் வாங்கிவிடலாம்.

எனவே தீர்ப்பு அதிகாரம் கொடுக்காவிட்டாலும் காலத்தின் மேல் அதிகாரம் கொடுங்கள். பிணக்கு பதிவான நாளிலிருந்து தாமதத்தின் செலவைத் தாங்கக்கூடியவன் தலையில் வையுங்கள். கசிவு நிற்கும்வரை ஆறாம் மாடியின் தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டு. பிறகு பாருங்கள், இணக்கம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று.

முச்சந்தி எழுதியது:

இங்கே முதல் முறை எழுதுகிறேன். கூட்டங்களில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன், சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும்.

முகத்துவாரம், உங்கள் நகரத்தில் எத்தனை மொழி? துறைமுகம் என்கிறீர்கள், ஒரு மொழியாக இருக்க முடியாது. கொழும்பில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். மூன்று பேர் பெரியவர்கள், உண்மையிலேயே நல்லவர்கள். இரு தரப்பும் அவர்கள் முன். ஒரு தரப்பு நேரடியாகப் பேசுகிறது: குரல் உடைகிறது, நகைச்சுவை வருகிறது, பெரியவர்கள் சிரிக்கிறார்கள். மறு தரப்பின் பேச்சு என் வாய் வழியாகப் போகிறது. அழுகையை நான் மொழிபெயர்ப்பதில்லை. என் வேலை அதுவல்ல. அரை மணி நேரத்தில் நேரடியாகப் பேசியவர் மனிதராகவும் மற்றவர் ஆவணமாகவும் ஆகிவிடுவார்கள். யாரும் பக்கம் சாயவில்லை. கடைசியில் இணக்கப் பத்திரம் ஒரு மொழியில் எழுதப்படும். வாசிக்கத் தெரியாத மொழியில் கையொப்பமிட்டுவிட்டு, வெளியே வந்து என்னிடம் 'பிள்ளை, நான் எதற்கு ஒத்துக்கொண்டேன்?' என்று கேட்ட முதியவர்கள் உண்டு. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் 1987இலேயே எழுதியாயிற்று.

ஒரு யோசனை. உங்கள் நடுவோர் முன் முதல் நாள் யாரும் தன் கதையைச் சொல்லக் கூடாது. எதிர்த்தரப்பின் கதையைச் சொல்ல வேண்டும், எதிர்த்தரப்பின் மொழியில், தட்டுத்தடுமாறியாவது. 'ஆம், நான் சொல்வது இதுதான்' என்று மற்றவர் தலையாட்டும்வரை அடுத்த கட்டம் இல்லை.

சீட்டுக்காரி எழுதியது:

பிள்ளை, இந்த யோசனை நன்று. ஆனால் முதல் எடுத்தவளின் கதையைச் சொல்லச் சொன்னால் கடைசி மாதக்காரி கெட்ட வார்த்தையில்தான் சொல்வாள். தலையாட்ட மூன்று வாரம் ஆகும்.

முச்சந்தி எழுதியது:

ஆகட்டும் அக்கா. தவணைக்காரன் அண்ணன் சொன்ன பூட்டு அதுவரை போட்டிருக்கும்தானே.

முகத்துவாரம் எழுதியது:

இரவு முழுவதும் இருந்து விதிகளைத் திருத்தினேன். இப்போது இப்படி நிற்கிறது.

நிரந்தர நடுவோர் இருப்பார்கள், ஆனால் குறைவாக. அவர்கள் வழக்கில் அமர மாட்டார்கள். பயிற்றுவிப்பார்கள், சாடிகளுக்கு முத்திரை வைப்பார்கள், இரு மொழியிலும் பத்திரம் எழுதுவார்கள். அமர்கிறவர்கள் குடவோலையில் வரும் சாதாரண உறுப்பினர்கள்: படகு கட்டுகிறவர், பேக்கரிக்காரி. ஓராண்டு மட்டும். அந்த ஓராண்டுக்குப் பங்கும் வாக்கும் உறங்கும், பிறகு விழிக்கும். மூவரில் இருவரை ஓலைக் குவியலிலிருந்து தரப்புகள் ஆளுக்கு ஒருவராகத் தேர்ந்துகொள்ளலாம். உறவினர் என்றால் தடையில்லை. ஆனால் உறவை முதல் நாளே எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். ஆண்டு முடிந்ததும் ஒரு மாதம் பகிரங்கக் கணக்கு. அந்த மாதத்தில் யாரும் வந்து முறையிடலாம். முறைப்பாட்டைக் கேட்பவர்கள் அடுத்த ஆண்டின் ஓலைகள். நிதி, உபரியில் நிலையான பங்கு. பதிவான நாளிலிருந்து பூட்டு.

தீர்ப்பு அதிகாரம் மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. அதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

ஓராண்டு முடிந்து பேக்கரிக்காரி பேக்கரிக்குத் திரும்புகிறாள். பாண் வாங்க வருகிற ஒவ்வொருவரின் குடும்ப விவகாரமும் அவளுக்குத் தெரியும். வாயை யார் கட்டுவது? நிரந்தரக் குழுமத்தில் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் பழைய விதியில் இதுதான் ஒரே இலாபம், அதையும் விட்டுவிட்டீர்கள்.

தவணைக்காரன் எழுதியது:

மத்தியஸ்தத்தில் சொன்னதை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது. அது சட்டம். பாண் கடையில் கொண்டுவர முடியாது என்று எந்தச் சட்டமும் எழுத முடியாது. நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

முகத்துவாரம் எழுதியது:

உண்மைதான், பேக்கரிக்காரிதான் கதாநாயகி, இப்போதே முடிவாயிற்று. முதல் அத்தியாயத்தின் பிணக்கு நீர்க்கசிவு. நண்பரே, உங்கள் கூரையை எடுத்துக்கொள்ளலாமா? மேல்மாடிக்காரரை வில்லனாக்கிவிடுகிறேன்.

நீர்க்கசிவு எழுதியது:

கூரையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவரை வில்லனாக்க வேண்டாம். வரைபடத்தில் அந்தக் குழாய் எங்கள் இரு மாடிகளுக்கும் இடையிலுள்ள கொங்கிரீட் தளத்துக்குள் போகிறது. அவர் வீட்டுக்குள் இருந்தால் செலவு அவருடையது. தளம் பொதுச் சொத்து என்றால் செலவு எல்லா வீட்டுக்காரர்களுடையது. பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்த வேண்டும், அதற்கு நானும் வாக்களிக்க வேண்டும். கடந்த பொதுக்கூட்டத்தில் கட்டண உயர்வை எதிர்த்துக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். தவணைக்காரன் அண்ணன் பூட்டு போடச் சொன்னது யாருடைய குழாய்க்கு என்பதை முதலில் தீர்மானியுங்கள்.